ஒரு சாண் உயரம்

புதியம்புத்தூர் தையல் கடைக்கு எல்லாருக்கும் முந்தி வருவதும், எல்லாரும் போனபின் கிளம்புவதும் மிக்கேலம்மாள்தான். வேலையில் அத்தனை அக்கறை என்று முதலாளி நினைத்தார். அவளுக்கோ நாலு பேர் பார்க்க எழுந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளும் மற்றப் பெண்களைப் போலத்தான்.

ஊர் ஆண்களைவிட ஒரு சாண் உயரம் அவள். பெண் பார்க்க வந்த பசுவந்தனைக்காரர்கள், அவள் காப்பித் தட்டோடு நிலைவாசலில் குனிந்து நுழைந்ததைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்கு ஏணி வேணும்லா" என்றாள் ஒருத்தி. அடுத்து வந்த இடங்களும் அப்படியே தட்டிப் போயின.

அறுபத்தொன்றாம் வருஷம் துணி வெட்டும் வேலைக்கு எட்வர்ட் வந்தான். குள்ளமான ஆள். வெட்டிய துணியைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசுவான். அவளும் சிரிக்கப் பழகினாள். ஒருநாள் அவள் எழுந்ததைப் பார்த்துவிட்டு, "இத்தனை உசரத்த எங்கன ஒளிச்சு வச்சிருந்திய?" என்றான். கேலியா, பிரியமா? அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் தாயார் பெண் கேட்டு வந்தாள். அப்பா வேதமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேண்டாம்யா" என்றாள் மிக்கேலம்மாள்.

"ஏட்டி, எல்லாம் தெரிஞ்சுதான கேக்காவ?"

"கோயிலுக்குச் சேந்து போனா அவியளையும்லா சிரிப்பாவ. எனக்குன்னா பழகிப் போச்சு."

எட்வர்ட் அதன்பின் துணியை வைத்துவிட்டுப் பேசாமல் போனான். பிறகு தூத்துக்குடியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மழை பொய்த்த ஒரு வருஷம் அப்பாவும் இறந்தார். கம்பங்கஞ்சியை ஒருத்திக்கு மட்டும் காய்ச்சக் கை பழகச் சில நாள் ஆயிற்று.

சில வருஷம் கழித்து எட்வர்ட் மனைவியோடு கடைக்கு வந்தான். கிருபா அவனைவிட அரைத்தலை உயரம். கடையே சிரித்தது.

"அண்ணாச்சி, தாலி கட்டையில முக்காலி போட்டியளா?" என்றான் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் சங்கரபாண்டி.

"ஆமாலே, கோயில் சாமியாரே எடுத்துத் தந்தாவ" என்று எட்வர்டும் சிரித்தான். கிருபாவும் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் கலர் சோடா குடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள்.

பருத்திக்காட்டு வழியே வீட்டுக்கு நடக்கையில் மிக்கேலம்மாள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பு ஒரு பொத்தான் தைக்கிற நேரங்கூட நீடிக்கவில்லை.