ஷெஃப்பின் ஊர் வைரவர்

என் அப்பா இத்தாலியில் சாமியைத் தோளில் வைத்துக் காவியவர். இதைச் சொன்னால் ஒருவரும் உடனே நம்புவதில்லை. நானோ கண்ணால் கண்டவள். அப்போது எனக்கு எட்டு வயது. அந்த வயதில் நான் எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வேன் என்று அம்மா இன்றும் கேலி செய்வார். ஆனால் இந்தக் கதைக்கு அம்மாவே சாட்சி.

ஸ்டுட்கார்ட்டில் ஓர் இத்தாலிய உணவகத்தில் அப்பா சமையல்காரராக இருந்தார். அதன் முதலாளியை அப்பா ‘ஷெஃப்’ என்றுதான் சொல்வார். ஜெர்மன் மொழியில் முதலாளிக்கு அதுதான் சொல். நான் வெகுகாலம் அதை அவருடைய பெயர் என்றே நினைத்திருந்தேன். ஆகஸ்ட் வந்தால் ஷெஃப் கடையைப் பூட்டிக்கொண்டு இத்தாலியில் தன் மலைக்கிராமத்துத் திருவிழாவுக்குப் போய்விடுவார். எங்களுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்த கோடையில், எல்லை தாண்ட முடியாது என்று இனிமேல் சாக்குச் சொல்ல வேண்டாம் என்று எங்களையும் கட்டாயப்படுத்தி அழைத்தார்.

அந்த ஊருக்கு மேலே, மலை உச்சியில், ஒரு சின்னக் கோயில் இருக்கிறதாம். ஊருக்குள் இருக்கும் சாமியைத் தோளில் சுமந்து அங்கே கொண்டுபோவார்களாம். சாமி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தவுடன் வாணவேடிக்கையாம். இதை அப்பா சொன்ன நாள்முதல் எனக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. அம்மா ஒரு படைக்குப் போதுமான அளவு வடையும் ரோல்ஸும் செய்து கட்டினார். ஷெஃப்பின் கார் முன்னே போக, எங்கள் பழைய கார் இருமிக்கொண்டு பின்னே போனது. சுவிட்சர்லாந்தின் சுரங்கப்பாதைகளில் எல்லாம் நான் ‘ஓ’ என்று கத்திக்கொண்டே வந்தேன்.

ஊர் என்றால் ஒரு கை விரித்த அளவுதான். தெருவுக்குக் குறுக்கே கலர் பல்புகள், நடுவீதியில் நீள மேசைகள், ஒரு பெரிய அண்டாவில் சோளமாக் களி. இரண்டு கிழவர்கள் துடுப்புப் போட்டு அதைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே எல்லோரும் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். ஒரு பாண்ட் வாத்தியக் கோஷ்டி வேறு. இவ்வளவு சத்தத்தை ஜெர்மனியில் போட்டால் பொலீஸ் வரும் என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

சாமியைப் பார்க்கத் தேவாலயத்துக்குள் போனோம். மரத்தில் செய்த ஒரு புனிதர். கையில் தடி, காலடியில் ஒரு நாய். அம்மா தன்னை மறந்து கைகூப்பிவிட்டார்.

“இஞ்சாருங்கோ, நாய் நிக்குது பாருங்கோ. இது எங்கட வைரவரெல்லே! தெரிஞ்சிருந்தால் வடையை மாலையாக் கட்டிக்கொண்டு வந்திருப்பன்.”

அம்மா கூப்பிட்டும் அப்பா உள்ளே வரவில்லை. வாசலடியில் நின்றே கும்பிட்டார். அவர் எந்தக் கோயிலிலும் அப்படித்தான். ஜெர்மனியில் எங்கள் கோயில் தேருக்குப் போனாலும், கார் விடும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு கை காட்டிக்கொண்டு நிற்பார். அப்பாவுக்குச் சாமியைவிடக் கார் பிடிக்கும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பின்னேரம்தான் இடி விழுந்தது. சாமியைத் தூக்க எட்டுத் தோள் வேண்டும். இளந்தாரிகள் எல்லோரும் வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். இருந்த எட்டுப் பேரில் ஒருவருக்குக் காலையில் இடுப்புப் பிடித்துவிட்டது. ஷெஃப்பின் முழங்கால் எப்போதோ போய்விட்டது. இந்த முறை சாமியை டிராக்டரில் ஏற்றுவோம், மலையடிவாரத்துச் சிலுவைவரை போய்த் திரும்புவோம் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். உச்சிக்குப் போகும் கல்படிகளில் டிராக்டர் ஏறாது. சாமி உச்சிக்குப் போகாவிட்டால் வாணமும் இல்லை. ஷெஃப் படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று, ஊரே திரும்பிப் பார்க்க, வீரிட்டு அழுதேன்.

என் அழுகைக்கோ என்னவோ, ஷெஃப் தலையை நிமிர்த்தினார். அப்பாவைப் பார்த்து, “நீ வா” என்றார்.

அப்பா முதலில் ஓரடி பின்னால் வைத்தார். பிறகு ஜெர்மன் மொழியில் மெதுவாகக் கேட்டார்: “நான் தொடலாமா?”

“என் அடுப்பையே உன்னிடம் தந்திருக்கிறேன். இதென்ன கேள்வி?”

“ஊர்ச்சனம் ஒன்றும் சொல்லாதா?”

வேறு சமயத்தவர் என்பதால் தயங்குகிறார் என்று ஷெஃப் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் பாதிரியாரைக் கூப்பிட்டு இத்தாலிய மொழியில் கேட்டார். பாதிரியார் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்து ஏதோ சொன்னார். ஷெஃப் அதை ஜெர்மனில் சொன்னார்: “தோளில் நோவு ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறார்.”

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அப்பா நேரே ஊர்க் குழாயடிக்குப் போனார். சப்பாத்தைக் கழற்றினார், சட்டையைக் கழற்றினார், தலையில் தண்ணீரை ஊற்றினார், காரில் கிடந்த துவாயை எடுத்துக் காற்சட்டைக்கு மேலே இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு வெறும் மேலோடு வந்து சாமிக்கு முன்னால் நின்றார். வேறெப்படி நிற்பது? இத்தாலியக் கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாதிரியார் ஓடிவந்து, சாமி காவுகிறவர்கள் போடும் வெள்ளை அங்கியால் அவரை மூடினார். அது யாரோ நெடியவருடைய அங்கி, நிலத்தில் இழுபட்டது. அம்மா தன் சேலை ஊசியைக் கழற்றி அதை மடித்துக் குத்திவிட்டார். “ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரையாம்” என்று கிண்டலும் செய்தார். ஆனால் ஊசியைக் குத்தியபின்னும் அங்கியை நீவி விட்டுக்கொண்டே நின்றார்.

ஏற்றம் என்பதால் குள்ளமான அப்பாவை முன்னுக்கு விட்டார்கள். அவர் இடுப்புத் துவாயை அவிழ்த்து நாலாக மடித்துத் தோளில் வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கிடைத்த துணியை மடித்து வைத்தார்கள். பாண்ட் முழங்கியது. சாமி எழும்பினார்! நான் அழுத கண்ணீரைத் துடைக்கவும் மறந்து முன்னால் ஓடினேன். ஓடி ஓடித் திரும்பிப் பார்த்தேன். மேலே சாமி, கீழே என் அப்பா. உலகத்திலேயே பெரிய ஆள் என் அப்பாதான் என்று எனக்கு அன்றைக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கல்படிகளில் பாதி ஏறியதும் சாமி நின்றுவிட்டார். காவியவர்களுக்கு மூச்சு வாங்கியது. சாமி ஒரு பக்கம் சரிந்தார். பாண்ட் வாசிப்பவர்களும் நிறுத்திவிட்டார்கள். பாதிரியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த அமைதிக்குள் அப்பா அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

“அரோகரா!”

அம்மா கூட்டத்துக்குள் இருந்து “அரோகரா!” என்றார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா வலப்பக்கம் ஒரு சாய்வு, இடப்பக்கம் ஒரு சாய்வு என்று தோளை ஆட்டத் தொடங்கினார். மற்ற ஏழு பேருக்கும் ஆடுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. இத்தாலிய வைரவர் நாயோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தார். ஒரு ஆட்டத்துக்கு ஒரு படி. நாலாவது படியில் ஷெஃப் “அரோகரா” என்றார், பிறகு ஊரே என்றது. பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். ஜெபித்தாரா, பார்க்க விரும்பவில்லையா தெரியாது. சாமி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

வாணம் வெடித்தது. பச்சை, சிவப்பு, தங்கம். ஷெஃப் அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அம்மா அழுதுகொண்டு நின்றார். வாணத்தைப் பாராமல் என்ன அழுகை என்று நான் அவரை ஏசினேன். பிறகு அப்பாவின் மடியில் ஏறிக் கேட்டேன்:

“ஊரிலை எத்தினை தரமப்பா சாமி காவினீங்கள்?”

“பாத்திருக்கிறன், பிள்ளை” என்றார் அப்பா. “வடிவாப் பாத்திருக்கிறன்.”

அடுத்த கோடை ஜெர்மனியில் எங்கள் கோயில் தேர். வடம் பிடிக்க நின்ற ஒரு பெரியவரிடம் போய், என் அப்பா இத்தாலியில் சாமி காவினவர், அவரையும் கூப்பிடுங்கோ என்றேன். அவர் குனிந்து, அன்பாகத்தான் கேட்டார்.

“அப்பா ஊரிலை எவடம், பிள்ளை?”

எனக்கு எல்லாம் மனப்பாடம். ஊர், குறிச்சி, வீடு இருந்த ஒழுங்கை வரைக்கும் சொன்னேன். “ஓ, அவடமே” என்றார். என் கன்னத்தைத் தட்டி, ஒரு மோதகத்தைக் கையில் வைத்துவிட்டு வடத்தடிக்குப் போய்விட்டார். ‘எவடம்’ என்று இடத்தைக் கேட்பது உண்மையில் சாதி கேட்கும் கேள்வி என்பதும், அப்பாவின் ஆட்களை ஊர்க்கோயிலில் சாமியின் கிட்டக்கூட விட்டதில்லை என்பதும் நான் வளர்ந்தபிறகு அம்மா சொல்லித் தெரிந்தவை.

அன்றைக்கு நான் கார் விடும் இடத்துக்கு ஓடினேன். அப்பா மஞ்சள் அங்கியோடு யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இப்ப உங்களைக் கூப்பிட வருவினம். நான் எல்லாம் சொல்லிப்போட்டன்.”

“எவடமெண்டு கேட்டவையோ?”

“ஓம். ஒழுங்கையும் சொன்னனான்.”

“கெட்டிக்காரி” என்றார் அப்பா. மோதகத்தில் பாதியைப் பிட்டு அவருக்குக் கொடுத்தேன். தேர் சுற்றி முடிந்து இருப்பிடத்துக்கு வரும்வரை, யார் வருகிறார்கள் என்று நான் நுனிக்காலில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.