ஏழாங்கட்டை எஃப்.சி.

ஒரு கையில் டயாலிசிஸ் குழாய் ஓடிக்கொண்டிருக்க, மறு கையால் கைப்பேசியைக் காதோடு அழுத்தியபடி என் அண்ணன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். குருண் டயாலிசிஸ் நிலையத்தில் மற்றவர்கள் கண்ணை மூடிப் படுத்திருக்க, இவர் மட்டும் தேர்தலில் நிற்பவர் போலக் கத்தினார். தாதி வந்து முறைத்துவிட்டுப் போனாள். "ரத்தம் சுத்தமாவுற நேரத்துலயாவது வாயை மூடு அண்ணே" என்றேன். காதில் விழவில்லை. புதிதாகத் தொடங்கவிருந்த கால்பந்து கிளப்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் சண்டை.

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து, தொழில்முறை லீக்கில் ஆடப்போகிற கிளப் அது. பணம் போட்டவர்கள் மெர்கோங்கில் இருந்த ஒரு வழக்கறிஞரும் உணவகங்கள் நடத்தும் ஒரு பாயும். அண்ணனிடம் பணம் இல்லை, ஆள் இருந்தது. எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கால்பந்துக் குழுவை, தோட்டமே இல்லாமல் போன பிறகும் விடாமல் நடத்திவந்தவர் அவர். அந்தக் குழுவை வைத்துத்தான் கிளப்பே உருவானது. அதனால் பெயர் வைக்கும் உரிமை தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

கம்பெனித் தாள்களில் எங்கள் தோட்டத்துக்கு ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் இருந்தது. அது எங்கள் யார் வாயிலும் ஒழுங்காக நுழைந்ததில்லை. மைல்கல்லை நாங்கள் கட்டை என்போம். பட்டணத்திலிருந்து வரும் தார்ச் சடக்கில் ஏழாவது கட்டை நட்டிருந்த இடத்தில் தோட்டம் தொடங்கியதால் எங்களுக்கு அது ஏழாங்கட்டை. எனக்கு அந்த இடத்தின்மேல் பெரிய ஏக்கம் ஒன்றும் கிடையாது. ஒழுகும் தகரம், குழாயடிச் சண்டை, செம்பனைக்குள் பாம்பு. போனால் போகட்டும் என்றுதான் லாரி ஏறினேன். அண்ணனால் அப்படி விட முடியவில்லை. வீடுகளை இடித்துப் புதிய வீடமைப்புத் திட்டம் வந்தபோது சிலர் செர்டாங்குக்கும், சிலர் மெர்கோங்குக்கும், எங்களைப் போன்றவர்கள் குருண் தொழிற்சாலைகளுக்கும் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி சிதறிப்போனோம். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கருமாதி என்றுகூடத் தெரியாமல் போயிற்று. "பேரைப் பாத்தா நம்ம ஆளுங்க தானா வந்துருவாங்க தங்கச்சி. வாராவாரம் எல்லாரும் ஒரே எடத்துல ஒக்காரலாம்" என்பார். ஆட்டத்தைவிட, பார்க்க வந்து உட்காரப்போகிறவர்கள்தான் அவருக்கு முக்கியம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வழக்கறிஞர் நல்ல மனிதர்தான். அண்ணனின் நச்சரிப்பு தாங்காமல் அந்தப் பெயருக்கே சம்மதித்து, சின்னம் வரையும் வேலையைப் பட்டணத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தார். அவள் அழகாகத்தான் வரைந்திருந்தாள். ஒரு பெரிய மரக்கட்டை, அதில் ஏழு என்ற எண். எங்கள் நாட்டுத் திடல்களில் தப்பாக விசில் ஊதும் நடுவரைப் பார்த்துக் கூட்டம் "காயு, காயு" என்று கத்தும். மலாயில் காயு என்றால் மரக்கட்டை. டயாலிசிஸில் படுத்திருந்த அண்ணனைப் பாய் உடனே கைப்பேசியில் அழைத்தார். "நாமளே நம்ம நெஞ்சுல காயுன்னு குத்திக்கிட்டு எறங்கணுமா லா?"

அண்ணன் முதலில் சிரித்தார். இயந்திரம் கூவி, தாதி ஓடிவரும் அளவுக்குச் சிரித்தார். பிறகு அந்தப் பெண்ணை அழைத்து, "கட்டைன்னா என்னன்னு நெனச்சம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "மரம்தானே அங்கிள்? வேற எதாச்சும் இருக்கா?" என்றாள் அவள், உண்மையிலேயே தெரியாமல். "இல்லம்மா, நல்லா வரைஞ்சிருக்க" என்று சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். அன்றைக்கே வழக்கறிஞரை அழைத்து, "ஒங்க இஷ்டப்படி வச்சுக்குங்க லா" என்று விட்டுக்கொடுத்துவிட்டார். ஆங்கிலப் பெயரும் கழுகுப் படமும் வந்தன. குருணில் நான் காக்கையைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதல் ஆட்டத்துக்குச் சக்கர நாற்காலியில் அவரை நான்தான் அழைத்துப் போனேன். நல்ல கூட்டம், நல்ல சத்தம். அண்ணன் பந்தைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி, உட்கார்ந்திருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்ச மூஞ்சி எதாச்சும் இருக்கா பாரு."

"இல்லண்ணே."

இடைவேளையில் வீட்டுக்குப் போகலாம் என்றார். காரில் அவரை ஏற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே கோல் விழுந்த ஆரவாரம் கேட்டது. யார் போட்டது என்றுகூட அவர் கேட்கவில்லை.

அந்த ஆட்டப் பருவம் முடிவதற்குள் போய்விட்டார். நாளிதழில் மரண அறிவிப்புக் கொடுக்கும்போது ஊர்ப் பெயர் கேட்டார்கள். குருண் முகவரியைச் சொன்னேன். அப்புறம் மனம் கேட்கவில்லை. அவர் பெயருக்கு முன்னால் ஏழாங்கட்டை என்று போடச் சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே வண்டிகள் வரத் தொடங்கின. செர்டாங்கிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். மெர்கோங்கிலிருந்து, எனக்குப் பெயரே தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். தெரு அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா தன் கேட்டைத் திறந்துவிட்டார். நாற்காலிகள் போதாமல் ஆட்கள் சுவரோரமாக நின்றபடி, ஒருவரையொருவர் அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பழைய வரிசை வீட்டில் குடியிருந்த அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"பேப்பர்ல பேரைப் பாத்தோம். நம்ம ஏழாங்கட்டை ஆச்சேன்னு ஒடனே கெளம்பிட்டோம் தங்கச்சி."

நான் அண்ணன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவரைச் சுற்றி அவ்வளவு பேர் நின்றிருந்ததால் முகம் தெரியவில்லை.