பட்டாளத்துத் தோட்டா

திருமயத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பெரிய வீடொன்றுக்குக் காவல் இருக்கிறேன். வீட்டுக்காரர்கள் மலேயாவில் வியாபாரம் செய்பவர்கள். கல்யாணம், கருமாதி என்றால் வந்து அடுப்பு மூட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் அத்தனை அறைகளுக்கும் நான் ஒருவன்தான். காற்றுப் போகக் கதவுகளைத் திறப்பது, வௌவால் விரட்டுவது, முதலாளியின் ரைபிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பது, இவைதான் என் வேலை. அதைத் தூக்கவும் சுடவும் எனக்கு அனுமதி வாங்கித் தந்திருந்தார்.

நான் கறம்பக்குடிப் பக்கம். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. பேச்சும் அப்போதே நின்றுவிட்டது என்று என் தங்கை சொல்வாள். இந்த ஊரில் எனக்கு மாமன், மச்சான் என்று முறை சொல்லிக் கூப்பிட யாருமில்லை. முறையில்லாதவனை எதைச் சொல்லிக் கேலி பேசுவது? அதனால் என்னை யாரும் கேலிகூடப் பேசியதில்லை.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அப்படி இருக்காது. விஜயதசமியன்று சாயங்காலம் அம்மன் குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்பட்டு ஊருக்கு வெளியே உள்ள பொட்டலுக்கு வரும். அதை இங்கே மகர்நோன்பு என்பார்கள். கண்மாய்க் கரையை ஒட்டி வாழைமரம் ஒன்றை நட்டிருப்பார்கள். பூசாரி அம்பு விடுவார். அடுத்துப் பெரிய வீட்டு ரைபிள் வெடிக்க வேண்டும். வெடித்தால்தான் வேட்டை முடிந்ததென்று கணக்கு. குதிரை ஊரைப் பார்த்துத் திரும்பும். சுட்டவன் தலையில் அம்மனுக்குச் சாத்திய துணியைப் பரிவட்டமாகக் கட்டுவார்கள்.

முதலாளி ஊரில் இல்லாததால் அந்த வேலை எனக்கு வந்தது. அன்றைக்கு ஊர்த் தலைவரான அம்பலமும் மற்றவர்களும் மேளத்தோடு வாசலுக்கே வந்து, "கெளம்புங்க, அம்மன் காத்துக்கிட்டு நிக்கிது" என்பார்கள். திரும்பும்போது பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். அந்த ஒரு சாயங்காலத்தை நினைத்துக்கொண்டே மிச்ச மாதங்களைத் தள்ளிவிடுவேன்.

இதைத் தவிர எனக்கிருந்தது ஒரே ஒருவருடைய பழக்கம், பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தவர். யுத்தத்தில் பர்மா வரை போய்த் திரும்பியவர். பட்டாளத்தார் என்றுதான் ஊரே கூப்பிடும். கூட்டம் ஓய்ந்த மத்தியான வேளையில் அவர் பேசுவார், நான் கேட்பேன். சொன்ன கதையையே மறுபடி சொல்வார். எனக்கு அலுத்ததில்லை.

சமஸ்தானம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்த சமயம். துப்பாக்கி விஷயம் எதுவானாலும் புதுக்கோட்டையில் முடிந்தது போய், திருச்சிக்கு அலைய வேண்டியதாகிவிட்டது. அந்த வருஷம் கையிலிருந்த தோட்டா தீர்ந்து, திருச்சிக் கடைக்குப் போனால், அந்த அளவில் சரக்கு இல்லை, கப்பலில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகர்நோன்புக்கு நாள் நெருங்கிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பட்டாளத்தாரே கேட்டார்.

"என்ன தம்பி, டீய வச்சுக்கிட்டு ஈ ஓட்டுற?"

சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா மூஞ்சிய இப்புடித் தொங்கப் போட்ட? வாரேன் இரு."

உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தார். பர்மாவிலிருந்து ஞாபகத்துக்காக எடுத்து வந்த தோட்டாக்கள். பித்தளை மங்காமல் துடைத்து வைத்திருந்தார்.

"ஒங்க மொதலாளி வச்சிருக்கது நான் தூக்குன அதே ரைபிள்தான். போன வருசம் பொட்டல்ல பாத்தேன்ல? அதே கட்டை, அதே போல்ட்டு. கண்ணக் கட்டிவிட்டாலும் கழட்டி மாட்டுவேன்."

"சரியா இருக்குமாண்ணே?"

"ஆறு வருசம் பொண்டாட்டியக் காட்டிலும் அதுகூடத்தான்டா படுத்தேன். எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து ரைபிளை எடுத்துப் பார்த்தேன். குழாயின் மேல் 315 என்று வெட்டியிருந்தது. தோட்டாவின் அடியில் ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் ஒரு வருஷமும்தான் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க எண் இல்லை. உள்ளே போட்டால் வழக்கத்தைவிடச் சுலபமாக, கொஞ்சம் ஆட்டத்தோடு போனது. பட்டாளத்தார் சொன்னபின் எனக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பொக்கிஷமாக வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுத்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

மகர்நோன்பு அன்று வானம் மூடியிருந்தது. பூசாரி அம்பு விட்டார். கூட்டம் என் பின்னால் போய் நின்றது. பட்டாளத்தார் முன் வரிசையில் கைகட்டி நின்றார். வாழையைக் குறி பார்த்து விசையை இழுத்தேன்.

எப்போதும் கண்மாய்க்குள் போய் எதிரொலிக்கும் வெடி அன்று அப்படி வெடிக்கவில்லை. ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். தோட்டா போட்டு மூடும் போல்ட் பக்கமிருந்து சூடான காற்றும் கரியும் என் முகத்தில் அடித்தன. வலது கண் எரிந்து மூடிக்கொண்டது. ரைபிளைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வாழைமரம் ஆடாமல் நின்றது.

மேளம் அடிக்கவில்லை. பின்னால் பேச்சுக் கிளம்பியது.

"வெடிச்சுச்சா இல்லையாப்பா?"

"வெடிச்ச மாதிரித்தான் இருந்துச்சு."

"இதுக்கு எங்க வீட்டுக்காரரு தும்மலே பெருசா கேக்குமே" என்றாள் ஒரு பெண். சிரிப்பு எழுந்து அடங்கியது.

பூசாரி அம்பலத்தைப் பார்த்தார். "குதிரையத் திருப்பலாமா, வேணாமா? சொல்லுங்க. தூக்குறவுக தோளு போகுது."

அம்பலம் கரையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். "சத்தம் கேட்டுச்சுல்ல? திருப்புங்கப்பா. மழ வாரதுக்குள்ள போவம்."

குதிரை திரும்பியது. ஆட்கள் ஓடிப்போய் வாழையை வெட்டிப் பங்கு போட்டார்கள். பரிவட்டத் துணி வைத்திருந்த தட்டும் அம்மனோடு ஊருக்குள் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. அவசரத்தில் மறந்திருப்பார்கள்.

பட்டாளத்தார் மட்டும் நின்றார். என் கையிலிருந்து ரைபிளை வாங்கி, இறுகிப்போயிருந்த போல்ட்டை உள்ளங்கையால் தட்டித் தட்டித் திறந்தார். வெற்றுத் தோட்டா கீழே விழுந்தது. முற்றின வெண்டைக்காய் மாதிரி நீளவாக்கில் வெடித்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கண்ணக் கழுவு" என்றார். ரைபிளைத் தந்துவிட்டுத் தனியாக நடந்து போனார்.

கண் சில நாளில் தெளிந்தது. கடையில் மட்டும் பழைய பேச்சு இல்லை. டீயை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். பர்மா கதை அதோடு நின்றது. என்னிடம் கோபமா, தன்னிடமே வெட்கமா, எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்டுவிடுகிற ஆள் இல்லை.

முதலாளி ஊருக்கு வந்தபோது ரைபிளைத் திருச்சியில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகச் சொன்னார். அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "பொழச்சீங்க" என்றார். பிறகு விளக்கினார். பட்டாளத்து ரைபிளைப் போலவே செய்து, குழாயை மட்டும் வேறு அளவில் வைத்துத்தான் வெளியாட்களுக்கு விற்பார்களாம். பட்டாளத்துத் தோட்டா களவு போனாலும் வெளியே உதவக் கூடாது என்பதற்காக. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டாளத்துத் தோட்டாதான் கொஞ்சம் ஒல்லி. "பழகுனவனே ஏமாந்துருவான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. இதைச் சொன்னால் பட்டாளத்தார் மனசு ஆறிவிடும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். இறங்கினால் கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்திருக்கலாம். காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று பயந்தேன்.

"அண்ணே, அது வேற அளவாம்ணே. திருச்சியில சொன்னாரு. பட்டாளத்துத் தோட்டா இதுக்குச் சேராதாம். பழகுனவுகளே ஏமாந்துருவாகளாம்."

அவர் ரைபிளோடு படுத்த கதை ஊருக்கே தெரியும். பெஞ்சியில் இருந்த ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப ஆறு வருசம் வேற யாரு கூடவோ படுத்துருக்காரு நம்ம பட்டாளத்தாரு!"

கடையே சிரித்தது. அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். டீ வடிகட்டும் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் பிழிந்தார்.

"சொல்லிட்டீல? போ" என்றார், என்னைப் பார்க்காமல்.

அடுத்த மகர்நோன்புக்கு மேளம் எங்கள் வாசலுக்கு வரவில்லை. கோயிலுக்கு இரும்புக் குழாயில் வெடிமருந்தை இறுக்கிக் கிட்டித்து வைக்கும் அதிர்வேட்டு வாங்கிவிட்டார்கள். அது எந்தக் கடலையும் தாண்டி வர வேண்டியதில்லை. வேட்டிக்குச் சோப்புப் போட்டு வைத்திருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு பொட்டலுக்குப் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றேன்.

நெருப்பு வைக்கும் வேலையைப் பட்டாளத்தாருக்குக் கொடுத்திருந்தார்கள். அம்பலம் கேலியை முடித்துவைக்க நினைத்திருக்கலாம். பூசாரி அம்பு விட்டதும் பட்டாளத்தார் கங்கு கட்டிய கம்போடு குனிந்தார். குனியும் முன் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது போலத்தான் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவு தூரத்தில் அது தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது. அவர் கம்பை நீட்டினார். என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நானும் பொத்திக்கொண்டேன்.