தம்பியின் மெட்டும் ஏழாவது நிபந்தனையும்

என் தம்பி தேவாலயப் பாடல்களுக்கு மெட்டுப் போடுகிறவன். விலை பேச மட்டும் அவனுக்கு வாய் வராது. எதிராளி கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிடுவான். அதனால் ஓர் இசை நிறுவனம் அவனுடைய பன்னிரண்டு பாடல்களைப் புத்தகமாகவும் ஆடியோவாகவும் போட விலைக்குக் கேட்டபோது, பேசுவதற்கு நான் கூடப் போனேன். தொழிற்சாலையொன்றின் கொள்முதல் பிரிவில் இருபது வருடம் குப்பை கொட்டியவள் நான். ஒப்பந்தத்தைக் கடைசி வரிவரை படிக்காமல் பேனாவைத் திறக்கமாட்டேன்.

லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "நீ வாயத் தொறக்கக் கூடாது. காபி குடுத்தா குடி, அவ்ளோதான்."

நிறுவனத்தின் மேலாளரோடு விலை பத்து நிமிடத்தில் படிந்தது. நான் நினைத்ததைவிடக் கூடவே கிடைத்தது. சிக்கல் ஏழாவது நிபந்தனையில் இருந்தது. விற்ற பிறகு மெட்டை மாற்றக் கூடாது. எங்கே பாடினாலும் அச்சிட்டபடியேதான் பாட வேண்டுமாம்.

தம்பியின் கையில் காபி அப்படியே நின்றது. அவன் ஒரு பாட்டை முடித்ததாகச் சரித்திரமே கிடையாது. பத்து வருடத்துக்கு முந்தைய பாட்டைக்கூடப் போன ஞாயிறு மாற்றினான். இப்போது என்னையே பார்த்தான். பேசவில்லை, பாவம், வாய்க்குப் பூட்டுப் போட்டதே நான்தானே.

"சார், எங்க சர்ச்சுல மட்டும் இவன் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்னு ஒரு வரி சேருங்க" என்றேன்.

"எல்லாருக்கும் ஒரே அக்ரிமெண்ட்தான் மேடம். அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றார் மேலாளர்.

"யாரும் கேக்க மாட்டாங்கன்னா எழுதறதுல என்ன கஷ்டம்?"

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில், கூடுதலாகக் கிடைத்ததை விட்டுக்கொடுத்து அந்த வரியை வாங்கினேன். வழியெல்லாம் தம்பி முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தான். எனக்கும் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் எங்கள் சர்ச் பாடகர் குழுவின் பயிற்சியில் விஷயத்தைச் சொன்னேன். நானும் அந்தக் குழுவில் பாடுகிறவள்தான். கைதட்டுவார்கள் என்று பார்த்தால் எல்லோர் முகமும் தொங்கிப்போனது.

"அக்கா, கம்பெனி வாங்கிட்டா இனிமேலாவது ஒரே மாதிரி பாடலாம்னு நாங்க ஜெபமே பண்ணோம். கெடுத்துட்டீங்களே!" என்றார் பின்வரிசையில் நின்றவர்.

தம்பி அதற்குள் கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டான். "மூணாவது பாட்டுல கடைசி வரி மட்டும்" என்றான். எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். வேறு வழியில்லாமல் பென்சிலை எடுத்து, மனப்பாடமாகிப்போயிருந்த ஸ்வரங்களை அடித்துவிட்டுப் புதியவற்றை எழுதிக்கொண்டேன். பாடிப் பார்த்தோம். பாழாய்ப்போன மெட்டு, முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது.