அத்தாவின் பென்ஷனும் கோச்சடை மாமாவின் காளைகளும்

பிள்ளைகளே, நம் சொந்தத்தில் யாராவது மௌத்தானால் நான் முதல் வேலையாகத் தந்தி ஆபீசுக்கு ஓடுவதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். போன மாதம் உங்கள் பெரியம்மா இறந்தபோதும், "அத்தாவுக்குத் தந்திக்காரன் பங்காளி" என்று சின்னவன் சொன்னது என் காதில் விழுந்தது. கோபமில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எடுத்துச் சொல்ல வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் அத்தா, அதாவது உங்கள் பாட்டனார், மதுரைக் கலெக்டர் கச்சேரியில் டவாலிச் சேவகராக இருந்து பென்ஷன் வாங்கியவர். நான் கொழும்பில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தேன். வயதான காலத்தில் அத்தாவும் அம்மாவும் என்னோடு வந்து இருந்தார்கள். பென்ஷன் மட்டும் மதுரையிலேயே வாங்கப்பட்டது. கோரிப்பாளையத்தில் தனியாக இருந்த அத்தாவின் அக்காவுக்கு அதுதான் சோறு. நாங்கள் அவரை மாமி என்போம். பிள்ளையில்லாத விதவை. நெஞ்சு நோவோடு படுக்கையில் கிடந்தார்.

மாதாமாதம் கஜானாவில் அந்தப் பணத்தை வாங்கி மாமியிடம் சேர்த்தவர் கோச்சடையில் விவசாயம் பார்த்த ஒரு இந்து. அத்தாவும் அவரும் மச்சான், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு அவர் மாமா. கடல் கடந்து இருப்பவரின் பென்ஷனை இன்னொருவர் வாங்க வேண்டுமானால், கூடுதலாக ஏதும் கொடுபட்டுவிட்டால் என் சொத்திலிருந்து திருப்பிக் கட்டுவேன் என்று ஜாமீன் எழுதித் தர வேண்டும். மாமா கைநாட்டு வைத்துக் கொடுத்திருந்தார். அத்தா உயிரோடிருக்கிறார் என்று கொழும்பில் ஒரு சான்று வாங்கி வருஷத்துக்கு ஒரு தரம் அனுப்புவோம்.

ஒரு வருஷம், சான்று அனுப்பிய சில நாட்களில் அத்தாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்குச் சொல்லிறாதீங்க. கேட்ட நிமிசமே அதுவும் போயிரும்" என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அடக்கம் முடிந்ததும், கோச்சடை மாமாவுக்காவது எழுதுவோம் என்றேன். அம்மா விடவில்லை.

"அவருக்கா? அவரு மூஞ்சி ஒண்ணு போதுமே காட்டிக் குடுக்க. மாசாமாசம் உங்க மாமி வாசல்ல போயி நிக்கிற மனுசன்டா."

ஆகவே ஊருக்குப் போன கடிதங்களில் அத்தா சலாம் சொல்லிக்கொண்டேயிருந்தார். பென்ஷனைப் பற்றிய நினைப்பே எங்களுக்கு வரவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். அது எங்கள் கண்ணில் பட்ட காசே அல்ல.

ஏழாம் மாதம், கோரிப்பாளையம் டீக்கடையில், கொழும்பிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் மாமாவைப் பார்த்திருக்கிறார். "என்னண்ணே, ஒங்க மச்சான் இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாரே. கபுருல நானும் மூணு கை மண்ணு போட்டேன்" என்று துக்கம் விசாரித்திருக்கிறார். மாமா அந்த மாதத்துப் பென்ஷனை அப்போதுதான் வாங்கி மடியில் முடிந்திருந்தார். மடியை அவிழ்க்காமல் அப்படியே கஜானாவுக்குத் திரும்பி நடந்து, "செத்தவரு பணத்த வாங்கிட்டேன் சாமி" என்று மேசைமேல் வைத்துவிட்டார். அந்த ஒரு மாதப் பணம் திரும்பியது. முந்திய ஆறு மாதப் பணம் மாமியின் கஞ்சியாகவும் கஷாயமாகவும் போய்விட்டிருந்தது.

சர்க்கார் ஜாமீன்காரரைப் பிடித்தது. மழையில்லாத வருஷம், மாமாவிடம் ரொக்கம் ஏது? கிராம முன்சீப்பும் தலையாரியும் வந்து அவருடைய இரண்டு உழவுமாடுகளையும் ஜப்தி செய்து, அடையாளத்துக்குக் கொம்புகளில் தாரால் குறி போட்டார்கள். மாடுகள் தொழுவத்திலேயே நிற்கலாம், உழலாம், விற்கக் கூடாது. கெடு தாண்டினால் ஏலம்.

தகவல் கிடைத்து, கப்பலும் ரயிலுமாக வந்து இறங்கி, நேரே கோச்சடைக்குப் போனேன். மாமா மாடுகளுக்குக் கூளம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாங்க மாப்ள. கொழும்புத் தொரைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்."

"பணத்த நான் கட்டிர்றேன் மாமா. மாடு ஏலத்துக்குப் போகாது."

"மாடு கெடக்குது. எம் மச்சான் செத்தது எனக்கு டீக்கடையில வச்சுத் தெரியுது. அம்புட்டுத்தானா நானு? அவரு போன அன்னைக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமாடா? கொலசாமிக்குக் கெடா வெட்டி வயிறு முட்டத் தின்னுருக்கேன். நாளக் கணக்குப் பண்ணிப் பாத்தேன்."

"மாமிக்குச் சொல்ல வேணாம்னு அத்தாதான்..."

"மாமிக்குத்தானடா சொல்ல வேணாம்னாரு?"

அங்கிருந்து கோரிப்பாளையத்துக்கு நடந்தேன்.

மாமிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பணம் ஏன் வரவில்லை என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அத்தா பயந்தபடி மாமி அந்த நிமிஷமே போய்விடவில்லை. போயிருந்தால் தேவலை என்று, அல்லாஹ் மன்னிக்கட்டும், எனக்கு அன்றைக்குத் தோன்றியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே பேசினார்.

"தம்பி மண்ணுக்குள்ள கெடக்கான். அவன் பேரச் சொல்லி வாங்குன காசுல நான் கஞ்சி குடிச்சிருக்கேன். ஹராமு. இப்ப எதக் குடிச்சாலும் உள்ள எறங்கல."

பிறகு தலையணையைப் பிரிக்கச் சொன்னார். தன் கஃபன் துணிக்கென்று, அதாவது தன்னை அடக்கும்போது சுற்றும் வெள்ளைத் துணிக்கென்று, அதற்குள் கொஞ்சம் பணம் தைத்து வைத்திருந்தார். "இத மொதல்ல கட்டு. எனக்குத் துணி நீ எடுத்துப் போட மாட்டியா?" என்றார்.

அதையும் என் கையிலிருந்ததையும் கட்டி, மனுப் போட்டு, மிச்சத்துக்குத் தவணை வாங்கினேன். கடைசிக் காசு சேரும்வரை ஜப்தி நீங்காது என்றார்கள். கொழும்புக்குத் திரும்பி வாடகை வீட்டைக் காலி செய்தேன். அம்மாவை ஒரு உறவுக்காரர் வீட்டுச் சமையலுக்கு ஒத்தாசையாக விட்டுவிட்டு, நான் கடைப் பரணில் ஆணிச் சாக்குகளுக்கு இடையே படுத்தேன். சம்பளம் வந்த அன்றே மணியார்டர். ஒரு மாதம் பிந்தினாலும் அங்கே மாடு ஏலம் போய்விடும் என்ற பயத்தில் மற்ற எல்லாக் கடனையும் பிந்தவிட்டேன். பெருநாளைக்கு அம்மாவுக்கு ஒரு சேலை எடுக்கவில்லை.

மாமி அதிக நாள் இருக்கவில்லை. அவர் இறந்த அன்றே எனக்குத் தந்தி வந்தது. அடித்தவர் கோச்சடை மாமா. கப்பல் கூலிக்கு என்னிடம் வழியில்லை. துணி எடுத்துப் போட்டதும் மாமாதான். நான் இல்லை.

கட்டி முடிக்க ஒன்றரை வருஷமாயிற்று. லீவு கேட்டு ஊர் வந்து, கஜானா ரசீதை முன்சீப்பிடம் காட்டி, ஜப்தி நீங்கியது என்று எழுதி வாங்கிக்கொண்டு கோச்சடைக்குப் போனேன். மாட்டுப் பொங்கல் முடிந்து இரண்டு நாள். தெருவில் எல்லா மாட்டுக் கொம்பும் சிவப்பும் பச்சையுமாக இருந்தன. மாமாவின் காளைகளுக்கு மட்டும் வர்ணமில்லை. தலையாரி தாரால் இட்ட குறி கொம்புகளில் அப்படியே இருந்தது. மாமா வயலுக்குப் போயிருந்தார்.

"சர்க்காரு வச்ச குறி, தொட்டாக் குத்தமாயிரும்னுட்டு ரெண்டு பொங்கலாக் கொம்பச் சீவவே இல்லப்பா" என்றார் அவர் சம்சாரம். சீட்டை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனார்.

தொழுவத்து ஓரத்தில் கொம்பு சீவுகிற கண்ணாடிச் சில்லு ஒன்று கிடந்தது. படுத்திருந்த காளையின் பக்கத்தில் உட்கார்ந்து தாரைச் சுரண்ட ஆரம்பித்தேன். கறுப்புத் தூள் என் கைலியில் உதிர்ந்தது. நாலு கொம்பும் முடிந்த பிறகு, சில்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மாமா வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.