கிழித்தெடுத்த பக்கங்களைத் தேடியவர்

மரியதாசனின் மகள் டிலானி அழைத்தபோது, 'இளஞ்சுருதி'யின் இரண்டாவது இதழுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். "அங்கிள், அப்பா விடியக்காலம போயிட்டாங்க" என்றார். என் வெள்ளவத்தை வீட்டு யன்னலுக்கு வெளியே காலி வீதி வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. திரையில் இருந்த பக்கத்தைச் சேமிக்காமலே கணினியை நிறுத்திவிட்டுக் கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

அடக்கத்துக்கு முன் தேவாலய மண்டபத்தில் பேசினார்கள். பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசித்தவர், கப்பல் கம்பனியில் நேர்மையாக வேலை பார்த்தவர், எவரோடும் முரண்படாதவர் என்றார்கள். எல்லாம் உண்மை, கடைசியைத் தவிர. என்னோடு அவர் முரண்படாத நாளில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஓர் இசை இதழ் தொடங்கியவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. "இப்ப பிள்ளையள் போனிலதான் பாட்டுக் கேக்குதுகள். உங்கட புத்தகம் ஆருக்கு?" என்று, விளம்பரம் கேட்டுப் போன எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய கனவானும் அங்கே மைக்கைப் பிடித்து உருகினார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன் நான். கணினியை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டு நானே பழகினேன். தேவாலயப் பாட்டுத் தாள்களை அமைக்க என்னிடம் வந்துபோனதில் மரியதாசன் நண்பரானார். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் இதழ் யோசனையோடு வந்தார்.

"முதல்ல மத்தவங்க என்ன செய்றாங்கன்னு பாப்போம் அண்ணே" என்றார்.

கொள்ளுப்பிட்டிக் கடைகளில் கிடைத்த புதுப் பிரதிகளை வாங்கி மேசையில் பரப்பினேன். இந்தியாவிலிருந்து வரும் சினிமா இதழ்கள், சிங்களப் பிள்ளைகளின் பாட்டு இதழ், பளபளக்கும் ஆங்கில இதழ்கள். அவர் இரண்டைப் புரட்டிவிட்டு மூடினார். "இது கடைக்காரர் வித்தது. பிள்ள என்னத்த எடுத்து வச்சிச்சுன்னு இதுல தெரியாது."

அன்று பின்னேரமே என்னைத் தெமட்டகொடைக்கு அழைத்துச் சென்றார். போத்தலும் பழைய பேப்பரும் வாங்குகிற ரஸீன் நானாவின் கடை. வீடுகளிலிருந்து கழித்துவிட்ட இதழ்கள் அங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கும். மரியதாசன் கட்டுகளின் மேல் அமர்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார். பக்கம் இல்லாத இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய அதே இதழின் முழுப் பிரதியை என் பையிலிருந்து எடுத்து, அங்கே என்ன இருந்தது என்று பார்ப்பார்.

"எல்லாரும் முழுசா ஈக்கிறத கேக்குற. மாஸ்டர் மட்டும் கிழிஞ்சதயே தேடுற" என்று சிரித்தார் நானா. கிட்டார் வாசிப்பதால் மரியதாசன் அவருக்கு 'மாஸ்டர்'.

"கிழிஞ்சதுதான் நானா புள்ளைக்குப் புடிச்சது."

அப்படித்தான் இருந்தது. இந்திய இதழ்களில் நடிகர் படம் போயிருந்தது. சிங்கள இதழில், பாட்டு வரிகளுக்கு மேலே கிட்டாரில் பிடிக்கவேண்டிய கோர்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, அச்சிட்ட பக்கம் போயிருந்தது. நேர்காணல்கள் எல்லாவற்றிலும் முழுசாக இருந்தன.

"மத்தவங்க பாட்ட எல்லாரும் குடுக்கிறாங்க. புள்ளைங்க சொந்தமா ஒரு பாட்டு எழுத ஒருத்தரும் இடம் விடல்ல" என்றார் மரியதாசன். எங்கள் இதழில் ஒரு பக்கத்தில் மேலே கோர்டுகள் மட்டும் இருக்கட்டும், கீழே வெறுமையாக விடுவோம் என்றார்.

"வெறுந்தாளை ஆர் வாங்கப் போகினம்? அதில ஒரு நேர்காணல் போடலாம்."

"நேர்காணல் ஒண்ணாவது கிழிஞ்சிச்சா அண்ணே? நீங்களும் பாத்தீங்கதானே."

"கிழியாமல் இருந்தால்தான் அது புத்தகம்."

"உங்களுக்குச் சுதி சேக்க என்னால ஏலாது" என்று தலையில் கைவைத்தார். ஆசிரியர் அவர் என்பதால் பக்கம் வெறுமையாகவே போயிற்று.

முதல் இதழ் வெளிவந்தது. பல கடைகள் கட்டியிருந்த கயிற்றைக்கூட அவிழ்க்காமல் திருப்பி அனுப்பின. அவர் சலிக்கவில்லை. நானாவின் கடைக்குப் போய் எங்கள் இதழைத் தேடத் தொடங்கினார். "அந்தப் பக்கம் கிழிஞ்சு ஒரே ஒரு புத்தகம் வந்தா போதும் அண்ணே. வராட்டி அடுத்ததுல உங்கட நேர்காணல போடுங்க. நான் வாய் திறக்க மாட்டேன்."

வரவில்லை. அதற்குள் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. வைத்தியசாலையில் நான் போய் நின்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"நானாட்ட போனீங்களா?"

"இல்லை. முதல்ல எழும்பி வாங்கோ, ரெண்டு பேருமாப் போவம்."

"நீங்க போய்ப் பாருங்க. நான் வர லேட்டாகும்."

அவரோடு பேசியது அதுவே கடைசி. டிலானியின் அழைப்பு வந்தபோது என் திரையில் இருந்தது, அந்த வெறும் பக்கத்தில் நான் ஏற்றிக்கொண்டிருந்த நேர்காணல்.

பொரளையில் அடக்கம் முடிந்ததும் நேரே தெமட்டகொடைக்குப் போனேன். "மாஸ்டர் வரல்லயா?" என்றார் நானா. சொன்னேன். அவர் தராசைப் பிடித்தபடியே நின்று, வாய்க்குள் துஆ ஓதினார். பிறகு உள்ளே போய் ஓர் இதழோடு வந்தார். "உங்கடது ஒண்டு வந்தீக்கி. மாஸ்டருக்குன்டு எடுத்து வெச்ச."

இளஞ்சுருதி. அட்டையில் தேநீர்க் கறை, ஓரங்கள் மடிந்திருந்தன. நின்றபடியே புரட்டினேன். எல்லாப் பக்கமும் இருந்தது, அது ஒன்றைத் தவிர. அவசரத்தில் கிழித்ததல்ல, உள்மடிப்பின் ஓரத்தில் நகத்தால் அழுத்தி மடித்து, பக்குவமாக எடுத்திருந்தார்கள். அவர் செய்வதைப்போலவே அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். நானா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வெறும் பக்கம் வேண்டாம் என்பதுதான் இன்றும் என் கருத்து. ஒரு பிரதியைப் பார்த்துக் கருத்தை மாற்றுகிறவன் நானல்ல. ஆனால் பேசிக்கொண்டது பேசிக்கொண்டதுதான். நேர்காணலை எடுத்துவிட்டேன். இரண்டாவது இதழில் மேலே கோர்டுகள் இருக்கும், கீழே ஒன்றும் இராது.

போய் வாருங்கள், மரியதாசன். இந்த நகரத்தில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அந்தத் தாளை வைத்திருக்கிறது. அதில் என்ன பாட்டு எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதை வாசித்துக் காட்ட எனக்குக் கிட்டார் வராது.