ஜெயம்மா பின்னிய சிவப்புச் சட்டம்

என் ஸ்டூடியோ ஜன்னல் கம்பியில் கயிற்றை மாட்டிக்கொண்டு, ஜெயம்மா முடிச்சுப் போட்டபடி பேசுகிறார். கண் கயிற்றில் இல்லை. படம் பிடிக்க வந்தவர்களின் முகத்தில் இருக்கிறது. "இன்னா நைனா, அந்தப் பொண்ணு சிரிக்கவே இல்ல, நீ பாட்டுக்குப் புடிச்சி அனுப்பிட்டியே?" என்று உள்ளே இருக்கும் என்னை அதட்டுகிறார்.

பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பி போதும் அவருக்கு. கம்பி இல்லாத இடத்தில் கால் கட்டைவிரல். ஒருமுறை கட்டைவிரலில் மாட்டியதை மறந்து எழுந்து நடந்து, என் விளக்கு ஸ்டாண்டைச் சாய்த்துவிட்டார். "நல்லவேள, முடிச்சி அவுறல" என்றார்.

இந்தக் கைவேலைக்கு மேக்ரமி என்று பெயர். ஊசி கிடையாது, விரலால் முடிச்சு முடிச்சாகப் போட்டே பின்னுவது. திருத்தணியில் ஒரு தையல் வகுப்பில் கற்றுக்கொண்டாராம். மரச்சட்டத்தைச் சுற்றி நைலான் கயிற்றைப் பின்னி, மேல்விளிம்பில் தோரணம் மாதிரி குஞ்சம் தொங்கவிட்டு, படம் மாட்டித் தருவார். படத்தில் இருப்பவரைப் பார்க்காமல் நிறம் சொல்லமாட்டார். ஒரு தாசில்தாரின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோவக்கார மூஞ்சி. பச்ச கட்டுனா கொஞ்சம் அடங்கும்" என்றார்.

ஊரார் படங்களுக்கெல்லாம் சட்டம் பின்னியவர் வீட்டில் ஒரு குடும்பப் படம் இருந்ததில்லை. கணவர் வேதாசலத்துக்குக் கல்யாணமான சில வருஷங்களில் இடது கன்னத்தில் வெண்படை விழுந்து, கழுத்துவரை இறங்கியிருந்தது. ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும் டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ்தான். மனிதர் துண்டைக் கன்னத்தோடு சேர்த்து முண்டாசு கட்டிக்கொண்டு, வேர்க்கடலைக் கொல்லையே கதி என்று இருந்துவிட்டார். விசேஷம் எதற்கும் போவதில்லை.

தொண்ணூற்றெட்டில் மகள் கவிதாவுக்கு வரன் வந்தது. அரக்கோணத்துக்காரர்கள் குடும்பப் படம் கேட்டார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் போய் எட்த்துக்கினு வாங்க. என்னெப் பார்த்தா ஓடிப்போயிருவாங்க" என்றாராம் வேதாசலம்.

"அப்பறமா பார்த்துட்டு எம் பொண்ண ஏசறதுக்கு, இப்பவே ஓடட்டும் பாவா. நீ கெளம்பு" என்று கணவரைக் கிளப்பினாராம்.

கூட்டமில்லாத மத்தியான வேளையில் மூவரும் வந்தார்கள். வேதாசலம் தானாகவே முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பார்வை மட்டும் தரையை விட்டு எழவில்லை. அப்படியேதான் படம் விழுந்தது.

போன வேகத்தில் படம் திரும்பி வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம்.

ஒரு வாரம் ஜெயம்மா கடைப்பக்கமே வரவில்லை. வந்தபோது கையில் அந்தப் படம். "பாவாவுக்கு இன்னா கலர்க்கா?" என்று கேட்டேன். "அவருக்கு எந்தக் கலரும் நல்லாத்தான் இருக்கும். செவப்பு கட்டப்போறேன். தெருவுலேர்ந்தே தெரியணும்."

அவர்கள் வீட்டில் வாசலைப் பார்த்த சுவரில் அதை மாட்டுவதற்கு நானும் போயிருந்தேன். மேலிருந்து தொங்கிய குஞ்சம் சரியாகப் படத்திலிருந்த வேதாசலத்தின் கன்னத்தின் மேல் விழுந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "அது அப்டியே இருக்கட்டும் ஜெயம்மா. அதுவா வந்து மறைக்குது." ஜெயம்மா ஸ்டூல்மேல் ஏறி, கத்தரிக்கோலால் குஞ்சத்தை ஒட்ட நறுக்கிவிட்டு இறங்கினார்.

தை மாதம் மணவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கன்னியம்மாள் உட்காருவதற்கு முன்பே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். பார்த்துக்கொண்டே நின்றார். அடுப்பங்கரையில் கவிதா மூச்சு விடவில்லை என்று ஜெயம்மா சொன்னார்.

"இவருதான் அப்பாவா? எங்க ஆளக் காணோம்?"

"மோட்டார் கொட்டாயில இருக்காருங்க. உங்களுக்குப் பயந்துகினு."

கன்னியம்மாள் சிரித்துவிட்டாராம். "என்னெப் பார்த்து எங்க ஊட்டுக்காரரே பயந்ததில்ல. சம்பந்தி இல்லாம இன்னாத்தப் பேசறது? கூப்புடுங்க."

சேற்றுக்காலோடு வந்து நின்ற வேதாசலத்திடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு, அவர் கையாலேயே சொம்பை வாங்கிக் குடித்திருக்கிறார் அந்த அம்மாள். அன்று சாயங்காலமே முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கப் போனார்கள்.

திருத்தணி மலைக்கோயிலில் தாலி கட்டி, அடிவாரத்து மண்டபத்தில் சாப்பாடு. படம் பிடித்தது நான். பெண் மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சம்பந்திகள் நின்றார்கள். வேதாசலம் புதுவேட்டி, சந்தனப்பொட்டோடு நிமிர்ந்துதான் நின்றார். நான் கேமராவைத் தூக்கியதும் முகம் பழக்கத்தில் வலது கன்னத்தைக் காட்டித் திரும்பிக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஜெயம்மா அவரைப் பார்க்கவில்லை. நேராக என் லென்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை மட்டும் நீட்டினார். முடிச்சுப் போட்டுக் காய்த்துப்போன இரண்டு விரலால் வேதாசலத்தின் மோவாயைப் பிடித்து முன்பக்கம் திருப்பினார். நான் பொத்தானை அழுத்தும்வரை கையை எடுக்கவில்லை.